உபயம்: க. மார்க்கண்டு

எங்கள் தீவுகளில் கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவரின் பேரை அதில் பெயின்ரால் எழுதித்தான் மாட்டுவார்கள். உபயம், இன்னார், இன்ன ஊர், இப்போது சுவிஸ் என்று எழுதி முடிப்பதற்குள் லைற்றில் பாதி மறைந்துவிடும். மிச்சப் பாதியில் வருகிற வெளிச்சம் கும்பிட வருகிற சனத்துக்கு. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அதற்காக எங்கள் கோயில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஊர்காவற்றுறையில் நான் இருந்து செபம் சொல்கிற வாங்கிலே மூன்று தலைமுறையின் பேர் வெட்டியிருக்கிறது. பேர் ஆசை எல்லாச் சமயத்துக்கும் பொது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது என் சிநேகிதி பிரியவதனியைப் பற்றியது. புங்குடுதீவு இறுப்பிட்டியில் இருந்துகொண்டு கைத்தொலைபேசிக்கு ஒரு விளையாட்டுச் செய்தவள். அதை வெளிநாடுகளில் எத்தனையோ பேர் விளையாடினார்கள். அதில் அவளுடைய பேர் இல்லை. இல்லாமல் போனதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் அவளுடைய தகப்பன். மற்றது யூலியானா என்கிற நான்.

வீட்டில் அவளை வதனி என்பார்கள், நானும் அப்படித்தான். தொண்ணூற்றொன்றில் சண்டையில் தீவை விட்டு ஓடி, பல ஊர் அலைந்து, தொண்ணூற்றாறில் குடும்பம் திரும்பி வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் மார்க்கண்டு ஓடுவதற்கு முன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். திரும்பி வந்து பார்த்தால் சங்கக்கடைக்குக் கூரை இல்லை, ஊரில் பாதிச் சனம் இல்லை. தன் பேரும் பதவியும் பொறித்த றப்பர் முத்திரை மட்டும் அவரிடம் இருந்தது. ஓடின அன்று தாய் மனோகரி அரிசியையும் நகையையும் கட்ட, மனிசன் முத்திரையை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

தொண்ணூற்றெட்டில் தாய்மாமன் பரராசசிங்கம் சுவிஸிலிருந்து ஒரு சின்ன விளையாட்டுப் பெட்டி அனுப்பினார். மேலே இருந்து கட்டைகள் விழும், இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். இரண்டு கிழமையில் பற்றறி செத்தது. புதுப் பற்றறி எடுக்க வழியில்லை. வதனி சதுரக்கோட்டுக் கொப்பியில் அந்தக் கட்டைகளை வரைந்து, எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை வந்தது என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாளாம். பிறகொரு நாள் எனக்குச் சொன்னாள்: "மற்றப் பிள்ளையள் புள்ளி எடுக்கப் பாத்தவை. நான் அந்தப் பெட்டி என்ன யோசிக்குது எண்டு பாத்தனான்."

சமாதானக் காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், ஊர்காவற்றுறையில் ஆறு கணனியோடும் ஒரு ஜெனரேற்றரோடும் ஒரு கணனி நிலையம் திறந்தார்கள். பொறுப்பாளர் றெக்ஷன் அண்ணைக்கு எங்களைவிட நாலு வயதுதான் கூட. அவருக்குக் கடிதம் ரைப் அடிக்கவும், அடித்த கடிதத்தைச் சுற்றிப் பூவேலைக் கரை போடவும் தெரியும். வதனி இறுப்பிட்டியிலிருந்து வங்களாவடிக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி ஊர்காவற்றுறைக்கு இன்னொரு பஸ் என்று வந்து சேர்ந்தாள். நான் அந்த ஊர்தான், அங்கே முதலே படித்துக்கொண்டிருந்தேன். வந்த அன்றே கேட்டாள்:

"அண்ணை, இதிலை விளையாட்டு எப்பிடி?"

"இதிலை விளையாடக் கூடாது, தங்கச்சி. நோட்டீஸ் ஒட்டியிருக்குப் பாரும்."

"விளையாட இல்லை அண்ணை. விளையாட்டைச் செய்ய."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பேச்சில் விளையாட்டு என்றால் உருப்படாதது. விளையாட்டுப்பிள்ளை, விளையாட்டுக் கதை, விளையாட்டாய்ச் சொன்னது. அப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு ஒருத்தி தொழில் செய்யப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? நான் அன்றைக்கே அவளுக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய புத்தகக்கடையில் ஜாவா படிக்க ஒரு புத்தகம் அகப்பட்டது. ஜாவா என்பது அந்தக் காலத்துக் கைத்தொலைபேசிகளுக்கு விளங்குகிற மொழி. புத்தகத்தில் முதல் நாற்பது பக்கத்தைக் காணவில்லை. நான் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தபடியால் இங்கிலீசு நன்றாக வாசிப்பேன், ஆனால் அந்தப் புத்தகம் எனக்கு ஒரு சொட்டும் விளங்காது. வதனிக்கு இங்கிலீசு வாசிக்க நாக்குப் புரளாது, நான் வாசித்தால் விளங்கிவிடும். ஒரு வருசம் அப்படியே போனது. நான் வாசித்தேன், அவள் படித்தாள்.

இரண்டாயிரத்து நாலில் பரராசசிங்கம் மாமா திருவிழாவுக்கு வந்தார். வதனிக்கென்று தான் பாவித்த கணனி ஒன்றையும் ஒரு நோக்கியாப் போனையும் கொண்டுவந்தார். கணனி வீட்டில் மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் மார்க்கண்டு ஐயா அதைத் தட்டிவானில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்.

"வீட்டிலை கரண்ட் இல்லை. கோயிலிலை ஜெனரேற்றர் இருக்கு. அங்கை வைச்சால் கோயிலுக்கும் பயன், நீயும் போய்ப் பாவிக்கலாம்தானே" என்று மகளுக்கு விளக்கம் சொன்னார். விளக்கத்தில் பிழை கண்டுபிடிக்க ஏலாது. ஆனால் கணனி பரிபாலன சபை அறைக்குள் போன அன்றே, சபைச் செயலாளர் அம்பலவாணர் மஞ்சள் பெயின்ரும் தூரிகையுமாக வந்து, திரைக்குக் கீழே இருந்த அகலச் சட்டத்தில் வடிவான எழுத்தில் எழுதினார். உபயம்: க. மார்க்கண்டு. கொண்டுவந்தவர் மாமா, கொண்டுவந்தது வதனிக்கு. மாமா சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெயின்ர் வாளியை எத்தி விட்டிருப்பேன், அந்நியக் கோயில் என்றபடியால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வதனி விளையாட்டுச் செய்தது அந்த அறையில்தான். திருவிழா நோட்டீஸ், செத்தவீட்டு அந்தியேட்டி அழைப்பிதழ் எல்லாவற்றையும் அவளே அடித்துக் கொடுக்க வேண்டும், மிச்ச நேரம் அவளுடையது. மாதத்தில் நாலு நாள் கோயில் வளவுக்குள் அவள் கால் வைக்கக் கூடாது. பெரியப்பா செத்தபோது துடக்கு, தீட்டென்று முப்பத்தொரு நாள் போகவில்லை. அந்த நாள்களில் விளையாட்டின் கட்டளை நிரலைச் சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதி வைத்து, முழுகித் தோய்ந்து போய் இருந்து அடிப்பாள். உலகத்தில் வேறெங்காவது துடக்குப் பார்த்து நிரல் எழுதியிருப்பார்களா தெரியாது.

விளையாட்டு என்னவென்றால், குறிகட்டுவான். புங்குடுதீவின் அந்தத் துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு போகும். திருவிழா நாளில் சனம், மூட்டை, சைக்கிள், ஆடு எல்லாம் ஒரே படகில் ஏற, படகோட்டி "ரெண்டு பேர் அங்காலை, மூட்டை இஞ்சாலை" என்று தொண்டை கிழியக் கத்துவார். வதனியின் விளையாட்டில் துறைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நாங்கள் பொத்தானை அமத்தி இடப் பக்கமோ வலப் பக்கமோ இருத்த வேண்டும். படகு சரிந்தால் சரி, முடிந்தது. ஆடு மட்டும் இருத்தின இடத்தில் இராமல் பக்கம் மாறும். அந்த ஆட்டால் நான் முதல் நாளே பத்துத் தரம் கவிண்டேன்.

படம், சத்தம், நிரல் எல்லாம் அறுபத்துநாலு கிலோபைற்றுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேலே போனால் அந்தக் காலத்துப் போன் ஏற்காது. ஒரு கலியாணப் படத்துக்கே அது காணாது. வதனி படகில் பாதியை மட்டும் வரைந்து, மற்றப் பாதிக்கு அதையே திருப்பிப் போட்டாள். மூன்று உடம்பும் ஐந்து தலையும் வரைந்து, மாற்றி மாற்றிப் பூட்டிப் பதினைந்து ஆட்களை ஏற்றினாள். ஐந்தாவது தலை என்னுடையது என்று பிறகுதான் சொன்னாள். மூக்கைப் பெரிதாகப் போட்டிருந்தாள்.

இரண்டு மாதமாக ஒரு பிழை பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் சரிக்குச் சரி ஆள் இருந்தும் படகு சரியும். ஒரு நாள் பஸ்ஸால் இறங்கி ஓடி வந்தாள்.

"பிடிச்சிட்டன், யூலி. முதல் ஏறின ஆளுக்குப் பாரம் இல்லை. ஆள் இருக்கிறார், கணக்கிலை இல்லை."

"ஏனாம்?"

"நான் ஒண்டிலை இருந்து எண்ணிப்போட்டன். கணனி எண்ணத் தொடங்கிறது பூச்சியத்திலை இருந்து. அதுக்குப் பூச்சியம்தான் முதல்."

"முதல் எண்டால் ஒண்டுதானே?"

"எங்களுக்கு ஒண்டு. அதுக்கு வேறை."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். முதல் என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் இருக்கும் என்று அன்றைக்கே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து மார்கழியில் பேப்பரில் விளம்பரம் வந்தது. கொழும்பில் ஒரு கொம்பனி கைத்தொலைபேசி விளையாட்டுகளை வாங்கி வெளிநாட்டுக்குக் கொடுக்கிறதாம். விளையாட்டையும் விண்ணப்பப் படிவத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். படிவம் இங்கிலீசில் இருந்தபடியால் நான்தான் நிரப்பினேன். முதலாவது பெட்டி, முதற் பெயர். பள்ளிக்கூட இடாப்பில், வாக்காளர் இடாப்பில், அடையாள அட்டையில், எங்கே பார்த்தாலும் அவள் மார்க்கண்டு பிரியவதனி. முதலில் நிற்கிற பேர் மார்க்கண்டு. முதற் பெயர் கேட்டான், முதலில் நிற்கிறதை எழுதினேன். கடைசிப் பெயர் என்ற பெட்டியில் பிரியவதனி என்று எழுதினேன். இதில் என்ன பிழை என்று எங்கள் தீவில் இன்றைக்கும் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது. வெள்ளைக்காரனுக்கு முதற் பெயர் பிள்ளையுடையது, எங்களுக்குத் தகப்பனுடையது. வதனியும் வாசித்துப் பார்த்துவிட்டு ஓம் என்றாள்.

பங்குனியில் ஒப்பந்தம் வந்தது. விளையாட்டை எடுக்கிறார்கள், சில திருத்தம் செய்ய வேண்டும். கொழும்புக்கு வந்து செய்யலாம், வீட்டிலிருந்தும் செய்யலாம் என்று போட்டிருந்தது.

"குமர்ப் பிள்ளை தனியக் கொழும்பிலை நிக்க ஏலாது. அதுவும் விளையாட்டுச் செய்ய!" என்றார் மார்க்கண்டு ஐயா. வீட்டிலிருந்து என்றபடியால் மட்டும் சம்மதித்தார். கடைசிப் பக்கத்தில் வதனியின் கையெழுத்தும் ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். வதனி ஒரு கோட்டில் மா. பிரியவதனி என்று தமிழில் சின்னதாக வைத்தாள். ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சாட்சிக் கையெழுத்து எண்டால் சும்மா விசயமே? முத்திரை இல்லாட்டில் ஆர் மதிப்பான்?"

காய்ந்துபோன மைப்பெட்டியில் நாலு துளி எண்ணெய் விட்டு, இங்கிலீசில் கே. மார்க்கண்டு, முகாமையாளர் என்று பொறித்த பழைய முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேலே இங்கிலீசில் வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து. அது இரண்டு கோட்டையும் மூடிக்கொண்டு வதனியின் கையெழுத்துக்கு மேலால் போனது. மகளுடைய தொழிலுக்கு அந்த மனிசன் செய்த ஒரேயொரு உதவி அதுதான். அதைச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

ஆனியில் சீடியைக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். ஆவணியில் சண்டை மூண்டு, கொழும்புக்குப் போகிற பாதை பூட்டுப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில் வந்தது, கடிதம் வந்தால் வந்தது. ஒன்பது மாதம் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற காலத்தில் அதைப் பற்றிக் கதைக்கவும் வாய் வரவில்லை.

இரண்டாயிரத்து ஏழு வைகாசியில் சுவிஸிலிருந்து மாமா போன் எடுத்தார். மார்க்கண்டு ஐயாதான் போனைத் தூக்கினார்.

"அத்தான்! என்ரை மகள் போனிலை ஒரு விளையாட்டு வாங்கினவள். கடைசியிலை செய்த ஆக்களின்ரை பேர் வருது. உங்கடை பேர் போட்டிருக்கு, அத்தான்!"

வாங்கின வெளிநாட்டுக்காரன் படங்களை மாற்ற, குறிகட்டுவான் பனிக்கட்டியாகி விட்டதாம். நயினாதீவுக்குப் போன சனம் முழுக்கப் பென்குவின். ஆடு கடல்நாயாகி விட்டது, ஆனால் பக்கம் மாறுகிற குணம் அப்படியே இருக்கிறதாம். முடிவில், நிரல்: கே. மார்க்கண்டு. கொழும்புக்காரன் படிவத்தில் முதற் பெயரைப் பார்த்திருக்கிறான், ஒப்பந்தத்தில் பெரிய கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்திருக்கிறான். இரண்டும் பொருந்திவிட்டது. பிரியவதனி என்பது ஏதோ ஊர்ப் பேர் என்று நினைத்தானோ என்னவோ.

வதனி யாழ்ப்பாணத்துக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பினாள். விற்ற போன்களில் இனி மாற்ற முடியாது, வருந்துகிறோம் என்று மூன்று வரியில் பதில் வந்தது. அடுத்த வருசம் அந்தக் கொம்பனியும் இழுத்து மூடப்பட்டது.

அந்த மாமா உண்மை தெரிந்தவர். ஆனால் சுவிஸில் இருக்கிற எங்கள் சனத்துக்கு யாருக்குத் தெரியும்? அவர்களுடைய ஒன்றியம் வருசா வருசம் வெளியிடுகிற மலரில், சங்கக்கடைக் காலத்துப் படத்தோடு ஒரு பக்கம் வந்தது. கைத்தொலைபேசி விளையாட்டுத் துறையில் தடம் பதித்த புங்குடுதீவின் மைந்தர். ஐயா அந்த மலரைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தார். "நான் போடச் சொன்னனானே? அவங்களாப் போட்டது" என்று முதலில் சொல்லித் திரிந்தார். பிறகு அதையும் சொல்லுவதில்லை. பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள், போய்க் கணனி யுகம் என்று நாற்பது நிமிசம் பேசினார். பேச்சை எழுதிக் கொடுத்தவள் வதனி.

அன்றைக்கு நான் அவளோடு சண்டை பிடித்தேன்.

"உனக்கு ரோசம் இல்லையோடி? எழுதியும் குடுத்திட்டு முன் வரிசையிலை இருந்து கையும் தட்டிறாய்!"

"அப்பா சிரிச்சு எவ்வளவு காலம் தெரியுமோ, யூலி? ஊர் விட்டு ஓடினதுக்குப் பிறகு இப்பதான் சிரிக்கிறார்" என்றாள்.

எனக்கும் தகப்பன் இருக்கிறார். கடலுக்குப் போக நேவி விடாத நாள்களில் கரையில் குந்தியிருந்து வலையைச் சும்மா எடுத்துப் பிரித்துப் பிரித்து வைப்பார், அதைப் பார்க்க ஏலாது. ஆனால் அவர் என்னுடைய பேரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்தெட்டுக் கடைசியில் விளையாட்டுச் செய்கிற சிங்கப்பூர்க் கொம்பனி ஒன்று ஆள் எடுத்தது. வதனி விண்ணப்பித்தாள். இந்த முறை முதற் பெயர்ப் பெட்டியில் பிரியவதனி. தபால்வழிப் பரீட்சைபோல மின்னஞ்சலில் மூன்று கணக்கு வந்தது, ஒரு கிழமைக்குள் மூன்றையும் செய்து அனுப்பினாள். திறம் என்று பதில் எழுதினார்கள். வேலை, விசா, இருக்க இடம் எல்லாம் அதில் இருந்தது. அவளுக்கு இருபத்துநாலு வயது. கொப்பியில் கட்டை வரைந்த நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு கடிதத்துக்குள் இருந்தது.

தைமாதம் அடுத்த மின்னஞ்சல். விசாவுக்கு வெளியான விளையாட்டு ஒன்றைக் காட்ட வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட விளையாட்டைச் செய்தவர் திரு. கே. மார்க்கண்டு என்று அதிலேயே இருக்கிறது, அவர் உங்களுக்கு யார்? நீங்கள்தான் செய்தீர்கள் என்று அவர் கைப்பட ஒரு கடிதம் மாசி முடிவதற்குள் அனுப்பினால் போதும். கொழும்புக் கொம்பனி இருந்திருந்தால் அவர்களைக் கேட்டிருக்கலாம். இப்போது உலகத்தில் இருந்த ஒரே கே. மார்க்கண்டு, இறுப்பிட்டியில் கதிரையில் இருந்து றேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதங்களில் யார் வீட்டிலும் றேடியோ நிறுத்தவில்லை. வன்னிச் சண்டையில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு விளையாட்டுக்காகக் கையெழுத்துக் கேட்டுப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன். வதனி தனியே கேட்கமாட்டாள் என்று தெரியும்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஐயா றேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"மலரிலை வந்திட்டுது. பள்ளிக்கூடத்திலை பேசியிட்டன். இப்ப நான் இல்லை எண்டு எழுத்திலை குடுத்தால், என்னைக் கள்ளன் எண்டெல்லோ சொல்லுவினம்?"

"அது சிங்கப்பூருக்குப் போற கடிதம், அப்பா. ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது."

"எழுத்து எண்டால் எழுத்துத்தான், பிள்ளை. எங்கை போனாலும்."

குசினி வாசலில் நின்ற மனோகரி அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்ததைக் கண்டேன். "அவளின்ரை வேலையப்பா. ஒரு கடிதம் குடுங்கோவன். உங்களுக்கென்ன, கை தேயுமே?"

ஐயா றேடியோவைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் ஒண்டும் எழுதித் தரத் தேவையில்லை, பிள்ளை. நானே எழுதுவன். சங்கத்துக்கு இருபது வருசம் இங்கிலீசிலை கடிதம் எழுதினனான்."

வதனி அவருடைய காலைத் தொடாத குறை. பஸ்ஸுக்கு வரும் வழி முழுக்க என் கையை விடவில்லை. சிங்கப்பூரில் எனக்கும் ஒரு வேலை பார்க்கிறேன் என்றாள், உனக்கு வாசிக்கிற வேலை என்றாள்.

மாசி நடுவில் மார்க்கண்டு ஐயா கஞ்சி போட்ட வேட்டி கட்டி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், கடிதத்தைத் தானே தொலைநகல் கடையில் பக்ஸில் அனுப்பிவிட்டு வந்தார். "அனுப்பியாச்சு. இனிக் கவலையில்லை" என்று மகளுக்குச் சொன்னார்.

பங்குனி முதல் கிழமை வதனியின் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. யாழ்ப்பாணத்தில் இன்ரநெற் கடையில் இரண்டு பேரும் ஒரு கதிரையில் நெருக்கியிருந்தோம். வழக்கம்போல நான் வாசித்தேன். அன்புள்ள திரு. மார்க்கண்டு அவர்களே என்று தொடங்கியது. தங்கள் கடிதத்துக்கு நன்றி. தங்களைப் போன்ற அனுபவசாலி ஒருவருடன் பேச விரும்புகிறோம், எப்போது வசதி? தங்கள் மேற்பார்வையில் உதவி செய்த மகளுக்கு ஏற்ற உதவியாளர் இடம் தற்போது எங்களிடம் இல்லை.

இந்தமுறை எனக்கும் விளங்கியது. வதனி திரும்ப ஒருக்கால் வாசி என்றாள். வாசித்தேன். அன்றைக்கே அவள் பதில் எழுதினாள், அடுத்த நாளும் எழுதினாள். ஒப்பமிட்ட கடிதத்தை மீற முடியாது என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சங்கக்கடை மனேச்சர் கார்பன் பிரதி எடுக்காமல் கடிதம் அனுப்புவாரா? அலுமாரியில், மலருக்குக் கீழே, கடிதக் கோவையில் குத்தியிருந்தது. நான் கேட்டதும் எடுத்துத் தந்தார், ஒளிக்கவில்லை. இவ்விளையாட்டு எனது மேற்பார்வையின் கீழ் எனது மகளால் செய்யப்பட்டது என்பதை உறுதிப்படுத்துகிறேன். மகள் கெட்டிக்காரி, கீழ்ப்படிவுள்ளவள், சொன்ன வேலையைச் செய்வாள். கீழே கையெழுத்து, முத்திரை.

"ஐயா, நீங்கள் எங்கை மேற்பார்வை பாத்தனீங்கள்? உங்களுக்கு அந்தக் கணனியைப் போடத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "நான் பிள்ளைக்கு நல்லதுக்கெல்லோ எழுதினனான்? தகப்பன்ரை மேற்பார்வை எண்டால் ஒரு மதிப்பு. தனியப் பொம்பிளைப் பிள்ளை செய்தது எண்டால் ஆர் வேலை குடுப்பான்?"

அவர் அதை நம்பித்தான் சொன்னார். பொய்யென்றால் நான் அந்த முகத்தில் கண்டுபிடித்திருப்பேன். அவரைத் திட்டுவதற்கு நான் சேர்த்துக்கொண்டு போன சொல் எல்லாம் வாய்க்குள் கிடந்து கசந்தது. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானும் நம்பித்தான் அந்தப் பெட்டியை நிரப்பினேன்.

அவர் சிங்கப்பூர்க் கடிதத்தை வாங்கி மெல்ல வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் வேறு மாதிரியானது.

"என்னையே கேக்கிறாங்கள்?"

வதனி கடிதக் கோவையை மூடி அலுமாரிக்குள் வைத்தாள்.

"மறுமொழி குடாமல் விட்டால் மரியாதை இல்லை" என்றார். "வயசு அறுபத்திரண்டு, தேகம் இடங் குடாது, வர ஏலாமல் இருக்கு எண்டு வடிவா எழுது, பிள்ளை."

நான் வேண்டாம் என்று வதனியின் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்து விட்டுவிட்டுச் செருப்பைப் போட்டாள். மூன்று பேருமாகக் கோயில் சபை அறைக்குப் போனோம். அம்பலவாணர் ஜெனரேற்றரைப் போட்டுத் தந்தார். திரை வெளித்தது, அதற்குக் கீழே மஞ்சள் எழுத்துக் கொஞ்சமும் மங்கவில்லை. வதனிக்கு இப்போது இங்கிலீசில் என்னுடைய உதவி தேவையில்லை. ஐந்து நிமிசத்தில் அடித்து முடித்தாள். தாங்கள் என்மீது வைத்த மதிப்புக்கு நன்றி, முதுமை காரணமாக ஏற்க முடியாமைக்கு வருந்துகிறேன், இப்படிக்கு, கே. மார்க்கண்டு.

ஐயா அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"பேருக்கு முன்னாலை மிஸ்டர் விட்டிட்டாய், பிள்ளை."

வதனி அந்தப் பேருக்கு முன்னால் போய், மிஸ்டர் என்று அடித்தாள்.